மாமனார் பேரைக் கூவினவள்

அத்பாஷி,
1961 நவம்பர் 12

உஸ்கெனில் அரிசி ஆலை ஓட்டும் சம்பந்தி எர்கேஷுக்கு, அத்பாஷி மலையில் கூட்டுப்பண்ணை ஆடு மேய்க்கும் உங்கள் சம்பந்தியின் சலாம். ஆளும் சுகமா, ஆடு மாடும் சுகமா? முட்டிவலி எப்படி? இங்கே நான் சுகம். என் வீட்டுக்காரி அயிம்கான் சுகம். குதிரைகளும் நாயும் சுகம்.

எனக்கு எழுத்து தெரியாது என்பது கல்யாணத்தன்றே உங்களுக்குத் தெரியும். எல்லாரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபோது நான் குதிரைக்குச் சூடு போடும் அங்கவடி அடையாளத்தை, சேணத்தில் கால் நுழைக்கும் வளையத்தை, வரைந்தேன். நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். மேல்வரிசையில் இடப்பக்கம் உங்களுக்கு ஒரு பல் இல்லை. கண்ணால் ஒருதரம் பார்த்தது எனக்கு மறக்காது, ஆகவே ஜாக்கிரதை.

இதை நான் சொல்லச் சொல்ல எழுதுவது உங்கள் மகள் அனார்கான். என் மகன் துரார் போன வாரம் பட்டாளத்துக்குப் புறப்பட்டான். மூன்று வருஷம். புறப்படும்போது அவன் அம்மா ஒரு ரொட்டியை நீட்டினாள். ஒரு வாய் கடித்தான். மிச்சத்தை நூலில் கோத்து அடுப்புக்கு மேலே சுவரில் தொங்கவிட்டிருக்கிறாள். கடித்து வைத்த ரொட்டி போனவனைத் திரும்ப வீட்டுக்கு இழுத்துவரும் என்பது எங்கள் வழக்கம்; வந்து அதைத் தின்ன வேண்டியது அவன் பாடு. ஒரு பட்டாளக்காரன் ரொட்டியை எலி தொடாமல் காப்பதுதான் இப்போது இந்த வீட்டில் பெரிய வேலை.

அவன் போன மறுநாள் உங்கள் மகள் எழுந்து எங்களுக்கு டீ போட்டாள். உங்கள் ஊர் வழக்கப்படி பச்சை டீ. பாலும் இல்லை, உப்பும் இல்லை. அயிம்கான் கிண்ணத்துக்குள் பார்த்துவிட்டு, "யாருக்கு வயித்து வலி?" என்று கேட்டாள். இவள் பதறிப்போய், "யாருக்கும் இல்லியே அத்தை" என்றாள். "அப்ப எதுக்குக் கசாயம்?" என்றாள் அவள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே குதிரையைப் பார்க்கப் போய்விட்டேன். மறுநாள் காலை உப்பும் பாலும் சரியான அளவில் இருந்தன. யாரும் சொல்லித்தரவில்லை. மாமியார் கையை ஓரக்கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஒருதரம் பார்த்ததை மறக்காத ஆள் இந்த வீட்டில் இனி நான் மட்டும் இல்லை.

(அப்பா, கடைசி இரண்டு வரியை எழுத மாட்டேன் என்றேன். எழுதினால்தான் அடுத்த வரி சொல்வேன் என்று மாமா பிடிவாதம். — அனார்)

உறைமேல் என் பேரைத் தபால்காரன் இமாஷ் எழுதிக்கொள்வான். கீழே இருப்பது நான் போட்ட அங்கவடி.


உஸ்கென்,
1961 டிசம்பர் 9

மலையாட்டுக்கும் காட்டுப்பனிக்கும் சொந்தக்காரரான சம்பந்தி கல்மாத்துக்கு, அரிசித்தின்னி எர்கேஷின் சலாம். சம்பந்தியம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இங்கே நானும் ஆலையும் சுகம். முட்டிக்கு முள்ளங்கிச் சாறு பூசுகிறேன். முட்டி அப்படியே இருக்கிறது, வீடுதான் நாறுகிறது. அந்தப் பல் என் மனைவி இறந்த வருஷம் விழுந்தது. மற்றவற்றை எண்ணாதீர்கள், கண் படும்.

விளையாட்டு போதும். கல்யாணமான ஈரம் காய்வதற்குள் துரார் பட்டாளத்துக்குப் போய்விட்டான். என் பிள்ளை தாயில்லாமல் வளர்ந்தவள். இப்போது முன்பின் பழகாத மாமனார் மாமியாரோடு, கணவாய் மூடிக்கிடக்கும் ஊரில் இருக்கிறாள். உங்கள்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் தகப்பன் என்பவன் இரவில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவன். பனி உருகிக் கணவாய் திறந்ததும் லாரி பிடித்து வருவேன். 'இருக்கிறேன் அப்பா' என்று அவள் சொன்னால் டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். 'வருகிறேன்' என்றால் துரார் வரும்வரை இங்கே வைத்துக்கொள்வேன். இதை அவளையே உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒளிவு மறைவு வேண்டாம்.

சிவப்பரிசி ஒரு மூட்டை தபாலோடு சுற்றுவழியில் அனுப்பியிருக்கிறேன். வேகவைக்கத் தெரியாவிட்டால் ஆடுகளுக்குப் போட்டுவிடாதீர்கள்.

எர்கேஷ்


அத்பாஷி,
1962 ஜனவரி 14

சம்பந்திக்குச் சலாம். ஆளும் ஆடு மாடும் சுகமா? இங்கே ஆற்றில் லாரி போகும் அளவுக்குப் பனி இறுகிவிட்டது. மற்றபடி சுகம்.

உங்கள் கடிதத்தை உங்கள் மகளே படித்தாள். படித்தாள் என்பதைவிட இருமினாள் என்பது சரி. என் பேரையும் என் அண்ணன் தம்பிமார் பேரையும் இந்த வீட்டு மருமகள் வாயால் சொல்வது எங்கள் வழக்கத்தில் கிடையாது, உங்களுக்குத் தெரிந்ததுதான். என் பேர் வரும் இடத்தில் ஒரு இருமல் இருமிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாண்டிப் போகிறாள். முதல் வரியிலேயே இருமியதும், "பாவம், பொண்ணுக்கு சளி" என்று பக்கத்து வீட்டுக்காரி ஆட்டுக்கொழுப்பு கொண்டுவந்து கொடுத்தாள். அயிம்கான் மட்டும் தலையை அசைத்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. அவளே என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணமான அன்றிலிருந்து 'கிழவரே'தான். அன்றைக்கு எனக்கு இருபது வயசு.

நீங்கள் லாரியோடு வரும் விஷயத்தைப் படிக்கும்போது உங்கள் மகள் குரல் மாறவில்லை. முகத்தை நான் பார்க்கவில்லை, வேண்டுமென்றே. அது அவளுக்கும் உங்களுக்கும் உள்ள பேச்சு. ஆனால் ஒன்று சொல்கிறேன், என் ஆசையைச் சொல்லத் தடை இல்லையே: அவள் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அரிசி வந்தது. உங்கள் மகள் பெரிய சட்டியில் புலாவ் செய்து அக்கம்பக்கத்தை எல்லாம் அழைத்தாள். அடி பிடிக்காமல், குழையாமல், ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாகப் பட்டாளம் மாதிரி நின்றது. எல்லாரும் "ஆகா" என்றார்கள். அயிம்கான் சட்டியில் மிஞ்சியதை விருந்தாளிகளுக்குக் கட்டிக் கொடுக்காமல் மூடி வைத்தாள். என் வீட்டுக்காரி விருந்தாளிக்குக் கொடுக்காமல் மூடி வைத்ததை நான் அதற்கு முன் ஒரே ஒருதரம்தான் பார்த்திருக்கிறேன். அது அவளுடைய அம்மா அனுப்பிய வெண்ணெய். அவள் பாராட்டு அந்த மாதிரித்தான் வரும். மூடியைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

(அப்பா, எனக்குச் சளி இல்லை. ஆட்டுக்கொழுப்பை நாய் தின்றது. — அனார்)


உஸ்கென்,
1962 பிப்ரவரி 20

சம்பந்தி கல்மாத்துக்குச் சலாம். இமாஷ் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பானோ எடுத்து அடுப்பில் போடுவானோ தெரியவில்லை, போன மாதத்துக் கடிதம் நேற்றுத்தான் வந்தது. உங்கள் வீட்டார் எல்லாரும் சுகமா? நான் சுகம்.

கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு தனியாகப் புலாவ் செய்து தின்றேன். குழைந்துவிட்டது. அவள் அம்மா அவளுக்குக் கற்றுக்கொடுத்தாள், எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

மகளே, நீ இதைப் படித்துக்கொண்டிருப்பாய். உறைமேல் ஒன்று, முதல் வரியில் ஒன்று என்று இரண்டு இடத்தில் இருமியிருப்பாய். மூன்றாவதாக இங்கேயும் ஒன்று: கல்மாத். இருமு பார்க்கலாம்.

எர்கேஷ்


அத்பாஷி,
1962 ஏப்ரல் 2

சம்பந்திக்குச் சலாம். சுகமா? எல்லாரும் சுகம். மார்ச் கடைசியில் புயல். ஆடுகள் கொஞ்சம் போயின. குட்டிகள் பிழைத்தன. எழுதுவது தபால்காரன் இமாஷ். உங்கள் மகளுக்கு வேலை அதிகம்.

"இவ்வளவுதானா?" என்று இமாஷ் கேட்கிறான். இவ்வளவுதான்.


உஸ்கென்,
1962 ஏப்ரல் 26

சம்பந்தி கல்மாத்துக்கு,

சுகம் விசாரிக்கவில்லை, மன்னியுங்கள். உங்கள் கடிதம் வேறு கையெழுத்தில் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும்போதே அடுத்த தபாலில் என் மகள் கடிதமும் வந்தது. "அப்பா, கணவாய் திறந்ததும் வாங்க. என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க." அவ்வளவுதான். காரணம் இல்லை, கண்ணீர் இல்லை. இமாஷ் எழுதிய கடிதத்தில் நீங்களும் ஒன்றும் சொல்லவில்லை. நாலு பக்கம் வாயாடும் மனிதர் நாலு வரியில் நிறுத்தினால் அதற்குள் என்னமோ இருக்கிறது.

யார் என்ன சொன்னார்கள்? கை நீட்டினார்களா? எனக்கு உண்மை வேண்டும். லாரிக்குச் சொல்லிவிட்டேன்.

எர்கேஷ்


அத்பாஷி,
1962 மே 12

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை இமாஷை இரண்டுதரம் படிக்கச் சொன்னேன். உங்கள் கோபம் நியாயம். கை நீட்டவில்லை, எங்கள் வீட்டில் யாரும் ஏசவும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், இமாஷ் ஒரு சொல் விடாமல் எழுதுவான், விட்டால் அவன் காதைத் திருகுவேன்.

மார்ச் கடைசி, ஆடு குட்டி போடும் நேரம். காலையில் வெயில் உருக்கிய நெய் மாதிரி வழிந்தது. மத்தியானம் காற்று திரும்பிற்று. அப்புறம் எல்லாம் வெள்ளை. கையை நீட்டினால் கை இல்லை. குதிரை பள்ளத்தில் கால் வைத்து என்னைத் தள்ளிவிட்டு ஓடிப்போயிற்று. அன்று மலையில் நான் ஒருவன் இல்லை. நாலு வீட்டு மேய்ப்பர்களும் மேலேதான்.

பட்டிகளுக்குப் பின்னால் ஒரு மேடு. பெண்கள் அதில் ஏறி வாளியைத் தட்டினார்கள். காற்றில் வாளிச் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வரும், ஒன்றுக்கும் உதவாது. பிறகு கூப்பிட்டார்கள். நாலு வீட்டு மருமகள்களும் என்னவென்று கூப்பிடுவார்கள்? "மாமா!" வீட்டுக்காரிகள்? "கிழவரே!" வழக்கம் அதுதானே. எனக்குக் கேட்டது. தெற்கே ஒரு மாமா, வடக்கே ஒரு மாமா. ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தால்தானே வீடு வரும்? ஒன்றைப் பிடித்து நாலு எட்டு வைத்தால் அது கலைந்து இன்னொரு வீட்டு மாமாவாகிவிடுகிறது. உட்கார்ந்துவிட்டேன். பனியில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் கதகதப்பாக இருக்கும், சம்பந்தி. ஆபத்தே அந்தக் கதகதப்புத்தான்.

அப்போது ஒரு பெண்குரல், "கல்மாத்!" என்றது.

ஒரு பெண் வாயால் என் பேரை நான் கடைசியாகக் கேட்டது பெரிய ஓட்டத்து வருஷம். ஜார் பட்டாளத்துக்குப் பயந்து சீனத்துப் பக்கம் கணவாய் ஏறினோமே, அப்போது. எனக்குப் பத்து வயசு இருக்கும். பனியில் பின்தங்கிவிட்டேன். என் அம்மா ஒற்றைக்கொம்புச் சிவப்பு மாட்டின்மேல் உட்கார்ந்து, திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டாள். அந்தக் குளிர்காலத்தை அவள் தாண்டவில்லை. ஆகவே இதுவும் அம்மாதான் என்று நினைத்தேன். செத்தவர் கூப்பிட்டால் பதில் கொடுக்காதே, எழுந்து போகாதே என்பார்கள். வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குரல் விடவில்லை. "கல்மாத்! கல்மாத்!" கடைசியில் தொண்டை கிழிய, "கல்மாத் மாமா!" என்றது.

எந்த ஊரிலும் செத்துப்போன அம்மா தன் மகனை மாமா என்று கூப்பிட மாட்டாள். எழுந்துவிட்டேன்.

அந்த ஒரு குரலைக் கயிறு மாதிரிப் பிடித்துக்கொண்டு வந்தேன். மேட்டின் நுனியில் உங்கள் மகள் நின்றாள். முக்காடு காற்றில் போய்விட்டது, தலைமுடியில் பனி. என்னைப் பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் அயிம்கான் நின்றாள். மற்ற மூவரும் பிறகு வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்குக் கால்விரல்கள் போயின.

மறுநாள் ஆற்றில் தண்ணீர் மொள்ளப் போன இடத்தில் பெண்கள் வாய் சும்மா இருக்குமா? "உஸ்கென்காரி மாமனார் பேர மலை முழுக்க எறிஞ்சிட்டாளே!" "இன்னிக்கு மாமனாரு. நாளைக்கு மாமியார் பேரயும் ஏலம் போடுவா." அவள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். "மன்னிச்சிடுங்க மாமா" என்றாள். "எதுக்கும்மா?" என்றேன். "வாயில வந்துடுச்சு" என்றாள். "வரலைன்னா என்னை மே மாசத்துல கரடி கண்டுபிடிச்சிருக்கும். போயி டீ ஊத்து" என்றேன். ஊற்றினாள்.

ஆனால் மாமனார் பேச்சு மருமகளுக்குப் பாதிப் பேச்சு. மீதிப் பாதி மாமியார் வாயில் இருக்கிறது, அது திறக்கவில்லை. அன்றிலிருந்து அயிம்கான் அவளிடம் ஒரு சொல் பேசவில்லை, ஏச்சும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "கிழவரே, குதிரைக்குத் தண்ணி காட்டுங்க" என்றாள். அன்றிலிருந்து உங்கள் மகள் என் கடிதத்துக்காக எழுதுகோலையும் தொடவில்லை. இதுதான் நடந்தது. போன கடிதத்தில் ஏன் சொல்லவில்லை என்றால், பேசித் தீர்ந்துவிடும் என்று நம்பினேன்.

வாருங்கள். மகளை அழைத்துப்போக உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கெட்ட மனுஷர்களிடமிருந்து மீட்டுப் போவதாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இந்த உயிர் உங்கள் மகள் கூப்பிட்டுக் கொண்டுவந்தது. ஆளும் ஆடு மாடும் சுகமா?


உஸ்கென்,
1962 ஜூன் 18

சம்பந்தி கல்மாத்துக்குச் சலாம். பத்திரமாக வந்து சேர்ந்தோம். உங்கள் குதிரைப்பால் என் வயிற்றை இரண்டு நாள் கணவாய் ஏற்றி இறக்கியது. எனக்காக ஆடு அடித்தீர்கள், விருந்தாளி மரியாதையாக அதன் தலையை என் முன்னால் வைத்தீர்கள். "சம்பந்தி, அந்தப் பல்லால இத முடிக்க முடியுமா?" என்று ஊர் முன்னால் கேட்டீர்கள். எல்லாம் சரி. உங்கள்மேல் எனக்கு ஒரு துளிக் கசப்பும் இல்லை.

ஆனால் சம்பந்தியம்மா வாசல்வரை வரவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பியே நின்றார்கள். லாரி திருப்பத்தில் மறையும்வரை என் மகள் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். கழுத்து வலித்தது எனக்கு.

இங்கே வந்தும் என்ன? காலையில் டீயில் பாலும் உப்பும் போடுகிறாள். உஸ்கெனில் உப்பு டீ! ஆலைக்காரர்கள் குடித்துப் பார்த்துவிட்டு, "எர்கேஷ் அண்ணே, ஒங்க கெணத்துல கடல் தண்ணி வந்துடுச்சா?" என்கிறார்கள். நேற்று உங்கள் பழைய உறை ஒன்று கையில் அகப்பட்டது. "இது யார் பேர், படி" என்றேன். இருமுகிறாள். இங்கே எந்த மாமியார் பார்க்கிறார், சொல்லுங்கள்.

"அங்கே போகணுமா?" என்று கேட்டேன். "அங்க யாருப்பா என்னை வேணும்னு சொன்னாங்க?" என்றாள். "மாமா சொன்னாரே" என்றேன். "மாமா சொன்னாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அதையே உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் சொன்னீர்கள். வேறு யார் சொன்னார்கள்? அதற்குப் பதில் இல்லாமல் நான் அவளை அனுப்ப மாட்டேன்.

எர்கேஷ்


மேல் மேய்ச்சல், அத்பாஷி,
1962 ஜூலை 15

சம்பந்திக்குச் சலாம். ஆளும் ஆடு மாடும் சுகமா? நாங்கள் கம்பளிக் கூடாரத்தோடு மேலே ஏறிவிட்டோம். புல் குதிரை முட்டி உயரம். இமாஷ் இரண்டு நாள் குதிரையேறி வந்து எழுதுகிறான். ஆட்டுத்தொடை ஒன்று கேட்டிருக்கிறான், கொடுத்துவிடுவேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் என் கண்ணால் பார்த்தது. இதை உங்கள் மகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

மேய்ச்சலுக்குப் புறப்படும்போது வீட்டைக் காலி செய்தோம். துராரின் ரொட்டியைச் சுவரிலிருந்து எடுக்கப் போனேன். பக்கத்தில் இன்னொரு ரொட்டி தொங்கியது, புது நூலில். ஒரு ஓரம் கருகியிருந்தது, எதிர் ஓரத்தில் சின்னதாக ஒரு வாய் கடித்த தடம். எனக்குத் தெரியும் அந்த ரொட்டி. நீங்கள் லாரியோடு வந்து நின்ற காலையில் உங்கள் மகள் ஒரு வாய் கடித்துவிட்டு, அப்படியே விரிப்பில் வைத்தது. நாம் எல்லாரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் போனோம். அடுப்புப் பக்கம் திரும்பி நின்ற அயிம்கான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

இரண்டையும் தன் பையிலேயே மேலே கொண்டுவந்தாள். இப்போது கூடாரத்தில் என் தலைக்கு மேலே இரண்டும் சேர்ந்தே தொங்குகின்றன.

போன வாரம் அடுப்புக்கு எரு பொறுக்கப் போனவள் திரும்பவில்லையே என்று தேடிப் போனேன். ஓடைக்கு மேலே ஒரு பாறையில் தனியாக நின்றாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து, "கல்..." என்றாள். மூடிக்கொண்டாள். மறுபடி, "கல்மா..." என்றாள். பள்ளிக்கூடத்தில் முதல்நாள் எழுத்து படிக்கிற பிள்ளை மாதிரி. வளையிலிருந்து மலையணில் ஒன்று விசில் அடித்தது. "ஒனக்கு என்னடா சிரிப்பு?" என்று அதன்மேல் கல்லை விட்டெறிந்தாள். நான் சத்தம் இல்லாமல் கீழே இறங்கிவிட்டேன். சூரியனையும் பனியையும் தவிர அழகு என்று நான் அதிகம் சொன்னதில்லை, சம்பந்தி. அன்றைக்குச் சொன்னேன், குதிரையிடம்.

சாயங்காலம் டீ ஊற்றும்போது அவளாகவே பேசினாள்.

"அன்னிக்கு மேட்டுல நானுந்தானே நின்னேன்."

"ஆமா."

"வாயத் தொறந்தேன். வரல. இத்தன வருஷம் கூடப் படுத்து எந்திரிச்சவ. அஞ்சு மாசம் முன்னாடி வந்த புள்ளைக்கு வந்துச்சு. எனக்கு வரல. நீங்க போயிருந்தீங்கன்னா?"

"போகலயே."

"அவ மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன், கிழவரே? பாத்தா கைய எடுத்துக் கும்புடணும். மாமியா மருமகளக் கும்புட்டா ஊரு என்ன சொல்லும்? அதான் பேசல."

"அவ, நீ கோவமா இருக்கேன்னு போயிட்டா" என்றேன்.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கு இது தோன்றவே இல்லை, சம்பந்தி. தன் வெட்கத்தை எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள்.

எங்கள் வழக்கப்படி நாங்கள்தான் வந்து மருமகளை அழைக்க வேண்டும். புல் வெட்டு முடிவதற்குள் மேய்ச்சலை விட்டு இறங்க முடியாது. அவள் வரும் நாளில் ஆற்றுப் பாலம்வரை வந்து நிற்போம். அவள் வர வேண்டும் என்று சொன்ன இன்னொரு ஆள் யார் என்று கேட்டீர்கள். பதில் அந்த இரண்டாவது ரொட்டி; இமாஷிடமும் காட்டினேன், அவன் சாட்சி.


உஸ்கென்,
1962 ஆகஸ்ட் 6

அத்தைக்கும் மாமாவுக்கும் அனார்கானின் வணக்கம். இமாஷ் அண்ணன் இதைப் படித்துக் காட்டுவார். உங்கள் உடம்பும் குதிரைகளும் சுகமா? அப்பா சுகம்.

அத்தை, அந்த ரொட்டியின் ஓரம் கருகியது என் தப்பு. அன்று அடுப்பைப் பார்க்காமல் உங்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எலி தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல் மாதிரி ஆகியிருக்கும். பரவாயில்லை, டீயில் நனைத்துத் தின்கிறேன். உப்பு டீயில்.

செப்டம்பர் முதல் வாரம் ஆலை லாரி உங்கள் பக்கத்து நரீனுக்கு வருகிறது. அதில் வருகிறேன்.

— உங்கள் மருமகள் அனார்


அத்பாஷி,
1962 செப்டம்பர் 9

பாதிப் பல்லோடு முழு அரிசி தின்னும் சம்பந்தி எர்கேஷுக்குச் சலாம். ஆளும் ஆலையும் சுகமா? கையெழுத்தைப் பார்த்ததுமே உங்களுக்கு விஷயம் விளங்கியிருக்கும். சுகமாக வந்து சேர்ந்தாள். நீங்கள் அனுப்பிய அரிசியும் வந்தது. மூட்டை ஓரத்தில் எலி ஓட்டை இருந்தது. உஸ்கென் எலி.

நானும் அயிம்கானும் விடிந்ததிலிருந்து பாலத்து முனையில் நின்றோம். மேலே மழை பெய்ததால் ஆறு கத்திக்கொண்டு ஓடியது. லாரி வரக் காணோம். குதிரைக்குச் சேணம் தளர்ந்திருந்தது, அதை இறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றேன். அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண்குரல்,

"—! பொண்ணு வந்துட்டா!"

(அப்பா, கோடு போட்ட இடத்தில் மாமாவின் பேர் வருகிறது. நீங்களே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். — அனார்)

யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் திரும்பவில்லை. இரண்டாம் தரம் இன்னும் பலமாக வந்தது, இந்தத் தடவை கொஞ்சம் கோபமும் கலந்து. "காதுல பனியா? கூப்புடுறேன்ல!" திரும்பினேன். அயிம்கான் பாலத்தின் நடுவில் நின்றாள். கல்யாணத்தன்று சிவந்த மாதிரி முகம் சிவந்திருந்தது. அப்புறம் என்னைப் பார்க்காமல் லாரியை நோக்கி ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்துப் பல காலம் ஆயிற்று.

இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆற்றுச் சத்தத்தில் கேட்கவில்லை. உங்கள் மகளைக் கேட்டால் சொல்ல மறுக்கிறாள், எழுதவும் மறுக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் ரொட்டியைச் சுவரிலிருந்து எடுத்தார்கள். டீயில் நனைத்தும் பல் ஏறவில்லை. சுத்தியால் உடைத்து மாமியாரும் மருமகளும் ஆளுக்குப் பாதி தின்றார்கள். எனக்கு ஒரு துண்டு கேட்டேன். "இது ஒங்களுக்கு இல்ல" என்று இரண்டு வாயும் ஒன்றாகச் சொன்னது. துராரின் ரொட்டி தனியாகத் தொங்குகிறது. அவனுக்கும் எழுதிவிட்டோம்: சீக்கிரம் வராவிட்டால் அதையும் இவர்கள் பங்கு போட்டுவிடுவார்கள்.

அயிம்கான் இப்போது என்னை மறுபடியும் 'கிழவரே' என்றே கூப்பிடுகிறாள். வைத்துக்கொள்ளட்டும். அவளிடம் என் பேர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கடிதத்தை முடிக்கும்போது உங்கள் மகளிடம் சொன்னேன். "மலை முழுக்கக் கூவினவதானே? இன்னிக்கு ஒருநாள் கீழ என் பேர எழுதேம்மா. அங்கவடி போட்டுப் போட்டு எனக்கே நான் குதிரையோன்னு சந்தேகமா இருக்கு."

அயிம்கான் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். உங்கள் மகள் எழுதுகோலை என் கையில் வைத்தாள்.

"அடுத்த புயல் வரட்டும் மாமா" என்றாள்.

ஆகவே, சம்பந்தி, இதோ அங்கவடி.